கோடிப் புடவையின் நிறம்

என் கல்லூரி இருக்கிற ஏனாத்தூருக்குப் போகிற காலைப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் நான் பாதித் தூக்கத்தில்தான் வேலைக்குப் போவேன். வெளியே வயல் ஓடும், கண்ணுக்குள் வேறு எங்கோ ஓடும். திருப்பதியைத் தாண்டி நான் வடக்கே போனதில்லை, கன்னியாகுமரியைத் தாண்டித் தெற்கே போக வழியில்லை. ஆனால் அந்த அரைத் தூக்கத்தில் எத்தனை ஊர்களைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா! பனி விழும் மலைக் கிராமம், ஒட்டகம் குறுக்கே நடக்கும் சந்தை, சிவப்பு மண்ணில் கூரை வீடுகள். எல்லாம் என் மாணவர்கள் சொல்லிச் சொல்லி எனக்குள் வந்து குடியேறிய ஊர்கள்.

என் வேலை என்னவென்று என் வீட்டில் ஒருவருக்கும் நான் புரியவைத்ததில்லை. வெளிநாட்டில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு இங்கே முதுகலை படிக்க வருகிறவர்களை நேராக வகுப்பில் உட்கார வைத்துவிட முடியாது. முதலில் ஒரு தொழிலில் சான்றிதழ் படிப்பு, கூடவே அந்தத் தொழில் நடக்கிற இடத்தில் இன்டர்ன்ஷிப். இரண்டையும் முடித்தால்தான் முதுகலையில் இடம். அந்தப் படியில் அவர்களை ஏற்றிவிடுவதுதான் நான் பார்க்கிற உத்தியோகம். "படிச்சவங்கள படிக்க வெக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஆமாம், உங்களுக்குச் சோறு போடுகிறதே அந்தப் படிப்புதான் என்பேன். அதோடு பேச்சு முடியும்.

அந்த வருடம் மடகாஸ்கரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பட்டுத் துணியின் தரம் பார்க்கிற சான்றிதழ் படிப்பில் சேர்ந்தாள். முதல் வகுப்பில் எல்லோர் கையிலும் ஓர் இழை கொடுத்துக் கொளுத்தச் சொன்னேன். அசல் பட்டு முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், போலி பிளாஸ்டிக் மாதிரி உருகும். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புகையை மெல்ல உள்ளே இழுத்தாள். "எங்க வீட்டு வாசனை, மேம்" என்றாள் ஆங்கிலத்தில். அவளுடைய அம்மா காட்டுப் பூச்சியின் கூட்டிலிருந்து நூல் எடுத்துப் பட்டு நெய்கிறவராம். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆசிரியைக்கு அப்படிப் பாரபட்சம் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பட்டுக்கடை. முன்கட்டில் கடை, பின்கட்டில் தறிகள். தறியைக் கணவர் பார்த்துக்கொள்வார், கடை முழுக்க அந்த அம்மாவின் ராஜ்யம். அங்கேதான் அந்தப் பெண்ணுக்கு இன்டர்ன்ஷிப் வாங்கித் தந்தேன். முடிவில் ஒரு நேர்முகம் இருக்கும். வேலை கொடுத்தவர் நேரில் வந்து தேர்வுக் குழுவின் முன்னால் பேச வேண்டும், அவர் வராவிட்டால் இடம் இல்லை. இதை முதல் நாளே கடைக்காரம்மாவிடம் சொல்லியிருந்தேன். "அதுக்கு இன்னா, ஒரு நாள் வந்து பேசிட்டுப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

நான் பார்வையிடப் போகிற மதியங்கள் எனக்குக் கனவு மாதிரி இருக்கும். கோயில் நடை சாத்தியிருக்கும், தெருவில் வெயில் மட்டும் நடமாடும். பின்கட்டிலிருந்து தறிச் சத்தம் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருக்கும். வெள்ளை மெத்தை விரிப்பில் புடவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து கிடக்கும். மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, அரக்கு, கத்திரிப்பூ. அதற்கு நடுவில் அந்தப் பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடித்துக்கொண்டிருப்பாள். எனக்குக் கண் செருகும். இங்கேயே இந்த நிறங்களுக்குள் படுத்துத் தூங்கிவிட்டால் என்ன என்று தோன்றும்.

கடைக்காரம்மா மட்டும் எப்போதும் சாதாரண சின்தடிக் புடவையில் இருப்பார். இவ்வளவு பட்டை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்று கட்டக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "பட்டு விக்கிறவ பட்டு கட்டிக்கினு உக்காந்தா, வர்றவங்க என்னைப் பார்ப்பாங்களா, சரக்கைப் பார்ப்பாங்களா? எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரட்டும்மா" என்றார்.

அந்தப் பெண் இரண்டே மாதத்தில் எங்கள் ஊர்த் தமிழைப் பிடித்துக்கொண்டாள். விடுதிச் சமையலறையில் பாதி, கடையில் பாதி. "இந்த பார்டர் நல்லா இருக்குது பா, எடுத்துக்கோங்க" என்று அவள் சொன்னால் வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரம்மாவுக்குப் பெருமை தாங்காது. "மகராசி, வந்த நேரம்" என்பார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் வினை வரும். கல்யாண மாதம் ஆரம்பித்திருந்தது. ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தது. ஒரு வேன் நிறைய ஆட்கள். காலையிலிருந்து பார்த்துப் பார்த்து ஒரு வழியாக ஒரு அரக்குப் புடவை முடிவாகி, அதைக் கல்யாணப் பெண்ணின் தோளில் இவள்தான் போட்டு மடிப்பு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணின் அம்மா ஆசையாகக் கேட்டார்.

"உங்க ஊர்லயும் கல்யாணத்துக்குப் பட்டு கட்டுவாங்களா மா?"

"கட்டுவாங்க" என்றாள் இவள் மலர்ந்த முகத்தோடு. "ஆனா ரொம்ப நல்ல பட்டு செத்துப் போனவங்களுக்குத்தான். எங்கம்மா நெய்யறதே அதுக்குத்தான். செத்தவங்க கனவுல வந்து குளிருதுன்னு சொல்லுவாங்க. அப்ப அவங்கள கல்லறையிலேந்து வெளிய எடுத்து, புதுப் பட்டு சுத்தி, திரும்ப வெப்போம். ரொம்ப சந்தோஷமா இருக்கும், பாட்டெல்லாம் பாடுவோம்."

சொல்லி முடிக்கும்போது அவள் கை கல்யாணப் பெண்ணின் தோளில் இருந்தது. நான் அங்கே இல்லை, கடைக்காரம்மா சொல்லித்தான் தெரியும். யாரும் சத்தம் போடவில்லையாம். பெண்ணின் அம்மா தோளிலிருந்த புடவையை இரண்டு விரலால் எடுத்துக் கீழே வைத்தாராம். ஒருவர் எழுந்தார், பிறகு எல்லோரும் எழுந்தார்கள். காபி டம்ளர்கள் அப்படியே இருக்க, வேன் எதிர்க்கடை வாசலுக்கு நகர்ந்துவிட்டது.

"வாயைக் கழுவு மொதல்ல!" என்று கடைக்காரம்மா அவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். பிறகு எனக்கு போன். "உங்க பொண்ணை நாளையிலேந்து அனுப்பாதீங்க மேம். சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவள்மேல் கோபம், அந்த அம்மாமேல் கோபம், நேரில் வந்து பேச வேண்டும் என்று விதி போட்ட புண்ணியவான்மேல் கோபம். இன்டர்ன்ஷிப் பாதியில் நின்றால் முதுகலை இல்லை. முதுகலை இல்லையென்றால் விசா இல்லை, அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். மறுநாள் மதியம் அவளையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கிளம்பினேன்.

"மேம், நான் பொய் சொல்லலியே" என்றாள் வழியில், மெதுவாக.

"உண்மைன்னா எங்க வேணா கொட்டலாமா? இடம் பொருள் ஏவல்னு ஒண்ணு இருக்குது" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "இங்க செத்தவங்களுக்குக் குளிராதா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரம்மா எனக்கு மட்டும் உட்கார இடம் காட்டினார். அவள் வாசல் படியோரம் நின்றாள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். வேறு நாடு, வேறு வழக்கம், சின்னப் பெண். ஒன்றும் எடுபடவில்லை.

"எனக்கு அது மேல கோவம் இல்ல மேம். நல்ல பொண்ணுதான். ஆனா இது கல்யாண சீசன். இந்தத் தெருவுல விஷயம் பரவிடுச்சு. இவ மொகத்தைப் பார்த்தாலே ஜனங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்."

"நேர்முகத்துக்காவது வருவீங்களா?"

"வந்து இன்னா பேசுவேன்? முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவங்கள எழுப்பி அனுப்பிச்சிடுச்சுன்னா?"

நான் மறுபடியும் கெஞ்சத் தொடங்கியபோதுதான் ஒரு மனிதர் வந்தார். வயதானவர், திருப்புட்குழிப் பக்கம் என்று பிறகு தெரிந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். உள்ளே வராமல் படிக்குக் கீழேயே நின்று, "ஒரு புடவை வேணும். பட்டுல" என்றார்.

கடைக்காரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்து எனக்கும் புரிந்துவிட்டது. கோடிப் புடவை. எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டுப் புடவை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து அவள்மேல் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அப்படி வருகிறவரை எந்தக் கடையிலும் வாங்க என்று சொல்வதில்லை. அவரும் உள்ளே வந்து உட்காருவதில்லை. இந்தக் கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு, அந்தப் பெண்ணும் அதைப் பார்த்திருக்கிறாள். அதற்கென்று கீழ்த்தட்டில் சில புடவைகள் தனியாக இருக்கும். கையில் வருகிற ஒன்றை எடுத்து, மடிப்புக் கலைக்காமல், கடைப் பையில் போடாமல், செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். நிறம் யாரும் கேட்பதில்லை. கேட்கிற நேரமா அது?

கடைக்காரம்மா பேசாமல் கீழ்த்தட்டுக்குக் கையை நீட்டினார்.

"அவங்க என்ன கலர் கட்டுவாங்க?"

படியோரம் நின்றவள்தான் கேட்டாள். ஐயோ பாவி, மறுபடியுமா! எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக் கிள்ளினேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாமா கேட்ட?" என்றார் அந்த மனிதர்.

"உங்களுக்கு அக்காவா, தங்கச்சியா?"

"தங்கச்சி."

"தங்கச்சிக்கு என்ன கலர் புடிக்கும்?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு, அப்படி வருகிறவர்கள் யாரும் செய்யாததைச் செய்தார். படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கிளிப்பச்ச" என்றார். "சின்ன வயசுலேந்து அதான். திருவிழாவுல பச்ச வளையலு வாங்கித் தர சொல்லி அழுவும். கல்யாணத்துக்கும் பச்சதான் கேட்டுச்சு. நாங்கதான் செவப்பு எடுத்தோம். இன்னா கேட்டாலும் சரிண்ணான்னுதான் சொல்லும், அதுக்கும் சரிண்ணான்னுச்சு." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவள் யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கிறதென்று அவளுக்குத்தான் தெரியுமே. பச்சைகளாக எடுத்து வந்து ஒவ்வொன்றாக விரித்தாள். இளம் பச்சை, இலைப் பச்சை, பாசிப் பச்சை. கடை முழுக்க வயலாகிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. கடைக்காரம்மா தடுப்பார் தடுப்பார் என்று பார்த்தேன். கீழ்த்தட்டுக்கு நீட்டிய கை அப்படியே நிற்க, அவரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அந்த மனிதர் எழுந்து உள்ளே வந்தார். ஒவ்வொரு பார்டரையும் விரலால் தடவிப் பார்த்தார். கல்யாணத்துக்கு எடுக்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. கடைசியில் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். அவள் அதை மடித்து, செய்தித்தாளைத் தேடாமல், அவருடைய இரண்டு கையிலும் வைத்தாள்.

"இனிமே அவங்களுக்குக் குளிராது" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். படி இறங்கும்போது, துக்கத்தில் சொல்லக் கூடாத சொல் என்பதே மறந்துபோய், "வரேம்மா" என்றார். எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

பின்கட்டில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைக்காரம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "நீங்க கெளம்புங்க மேம், பஸ்ஸு போயிடும்" என்றார். நான் அவளையும் கிளம்பச் சொல்லிச் சைகை காட்டினேன். "அதை எங்க கூப்புடுறீங்க? இத்தனையும் கலைச்சுப் போட்டுக்கீதே, யாரு மடிக்கிறது?" என்றார் எரிச்சலாக. அவள் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள்.

திரும்பும் பேருந்தில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. கண் செருகியதும் அம்மா வந்தாள். அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. எதுவும் பேசவில்லை, எனக்கு எதிரே சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்று பார்க்க முயல்கிறேன், முயல்கிறேன், நிறம் மட்டும் தெரியவே மாட்டேன் என்கிறது. மாமா கொண்டுவந்து போர்த்திய கோடி என்ன நிறம் என்று எனக்கு ஞாபகமே இல்லை. இறங்கியதும் மாமாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "அன்னிக்கு எனக்குக் கண்ணு எங்க தெரிஞ்சுது? கடக்காரன் சுத்திக் குடுத்தான், வாங்கினு வந்தேன்" என்றார். பிறகு, "ஏன் கேக்கற?" என்றார். சும்மாதான் மாமா என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அம்மாவை நினைத்து அப்படி ஓர் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அவள் தினமும் கடைக்குப் போனாள். கடைக்காரம்மா அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முகூர்த்தப் புடவைக்கு ஆள் வந்தால் மட்டும் அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார். நேர்முகத்துக்கு வருவாரா என்பதுதான் தெரியவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "பார்க்கலாம், கடையை யாரு பார்த்துக்குவா?" என்பார். நேர்முகத்துக்கு முந்தைய நாள் கடைசி முறையாக நினைவுபடுத்தப் போனேன்.

கடை தூங்கி வழிந்துகொண்டிருந்த மதியம். நான் விஷயத்தை எடுப்பதற்குள் கடைக்காரம்மா அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, எனக்குன்னா இன்னா கலர் எடுப்ப?"

"என்ன பேச்சு இது, நீங்க வாயைக் கழுவுங்க மொதல்ல!" என்று பதறிப்போய்ச் சொன்னேன்.

இரண்டு பேருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை. அவள் அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை. எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு புடவையை உருவினாள். வெங்காயத் தோல் நிறம், அரக்கு பார்டர்.

"இதா? இது கெழவி கலரு."

"இல்லமா. உங்க கழுத்துக்கு இதான்."

கடைக்காரம்மா கண்ணாடி முன்னால் போய்த் தோளில் போட்டுப் பார்த்தார். ஊருக்கெல்லாம் பிடித்துக் காட்டுகிற கண்ணாடி அது. வெகுநேரம் பார்த்தார். "எங்கண்ணனுக்கு மஞ்சளை உட்டா வேற கலரே தெரியாது" என்று முணுமுணுத்தார். புடவையை மடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். நாளைக்கு என்று நான் ஆரம்பித்தேன். "பார்க்கலாம் மேம்" என்று முடித்துவிட்டார்.

நேர்முகத்தன்று மற்ற மாணவர்களுக்கு வேலை கொடுத்தவர்கள் எல்லாம் காலையிலேயே வந்து பேசிவிட்டுப் போனார்கள். இவளுடைய முறை வந்தது, ஆள் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சி அவளைக் கடைசிக்குத் தள்ளினேன். கடைசியும் வந்தது. குழுவில் ஒருவர் பேனாவை மூடிவிட்டார். அவள் வராந்தா பெஞ்சில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். "பரவால்ல மேம்" என்று எனக்கே தைரியம் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாயில் வந்தபடி கடைக்காரம்மாவைத் திட்டிக்கொண்டே கேட் வரைக்கும் நடந்தேன்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் அரக்கு பார்டர் தெரிந்தது. பிறகுதான் ஆள் இறங்கினார். வெங்காயத் தோல் நிறப் பட்டு, தலை நிறையப் பூ. அந்த உச்சி வெயிலில் எனக்கு அது கனவா நிஜமா என்று ஒரு கணம் பிடிபடவில்லை.

"கொசுவம் நிக்க மாட்டேங்குது, கட்டிப் பழக்கம் உட்டுப்போச்சு. எங்க உக்காந்திருக்குது அது?" என்றபடி விறுவிறுவென்று நடந்தார். வராந்தாவில் அவளைக் கடந்தபோது அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

இந்தப் பெண் உங்கள் கடையில் என்ன வேலை பார்த்தாள் என்று குழுவில் ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் மொழிபெயர்க்கத் தயாராக நின்றேன். கடைக்காரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஒரு கல்யாண பார்ட்டிய எழுப்பி அனுப்பிச்சிடுச்சு சார். அது நஷ்டம்தான். ஆனா நான் இத்தினி வருஷமா எத்தினியோ பேருக்குக் கோடிப் புடவ குடுத்திருக்கேன். ஒருத்தரையும் இன்னா கலர்னு கேட்டதில்ல. இது கேட்டுச்சு. நீங்க இதுக்கு எடம் குடுங்க."

இடம் கிடைத்தது. அவள் ஓடிவந்து அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டதில் மடிப்பெல்லாம் கசங்கிப்போயிற்று. "ஐயோ, புடவ புடவ" என்று சொல்லிக்கொண்டே அவரும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

திரும்ப கேட் வரைக்கும் நான்தான் கூடப் போனேன். மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன்.

"அது அந்த நாளுக்குன்னு எடுத்து வெச்சதுதானே? அதையா இன்னிக்குக் கட்டிக்கினு வந்தீங்க?"

அவர் முந்தானையை முன்னால் இழுத்து, வெயிலில் அந்த நிறத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் பார்க்க முடியாதே மேம்" என்று சொல்லிவிட்டு, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.